எங்களுக்கு முந்தைய ஆறு ஆண்டுகள்

டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில், மலை மந்திரிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், வெஸ்ட் பிளாக் என்ற பெயரில் அரசு அலுவலகக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. மத்திய அரசு ஊழியர் ஒருவரின் மகளாக அந்தப் பகுதியில் வளர்ந்த நான், கிருத்திகைதோறும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போகும்போது அவற்றைக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. 2018-ஆம் ஆண்டின் கோடையில் அந்தக் கட்டடங்களில் ஒன்றில் இயங்கிய தத்தெடுப்பு ஆணையத்திலிருந்துதான், எங்கள் மகளைத் தத்தெடுப்பதற்கான தடையில்லாச் சான்று எங்களுக்கு வந்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது, இப்போது பன்னிரண்டு.

விடுமுறைக்கு வந்து, மயூர் விஹாரில் அம்மாவின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து இதை எழுதுகிறேன். மகளின் பெயரையோ, அவள் வளர்ந்த ஊரின் பெயரையோ, அவள் காப்பகத்துக்கு எப்படி வந்தாள் என்பதையோ இதில் எழுதப் போவதில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அத்தகைய குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவே இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். அது அவளுடைய கதை, அதைச் சொல்லும் உரிமையும் அவளுக்கே உண்டு. நான் எழுதக்கூடியது, அந்தக் கதைக்கு எங்கள் வீட்டில் இடம் பண்ணிக்கொடுக்க நாங்கள் கற்றுக்கொண்ட விதத்தை மட்டுமே.

நானும் கணவரும் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டோம் என்பதால், நான் டெல்லியில் பிறந்தவளாகவும் அவர் திருநெல்வேலிக்காரராகவும் இருந்தபோதிலும், சட்டத்தின் கண்ணில் எங்களுடையது நாடு கடந்த தத்து. ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட ஒரு குழந்தை தத்துக்குச் சட்டப்படி தகுதியானது என்று அறிவிக்கப்பட்ட பிறகு, முதலில் இந்தியாவில் வாழ்வோருக்கும் இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வாழ்வோருக்கும்தான் வாய்ப்புத் தரப்படுகிறது. 60 நாட்களுக்குள் அவர்களிடையே பெற்றோர் அமையவில்லை என்றால்தான் அந்தக் குழந்தை எங்களைப் போன்றவர்களுக்கு வரும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. ஐந்து வயதைக் கடந்தவர்கள், பிரிக்கக் கூடாத உடன்பிறந்தோர், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோரை நாடு கடந்த தத்தில் முன்னுரிமையுடன் சேர்க்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த ஏற்பாட்டின் பின்னால் உள்ள உண்மை எளியது, வருத்தம் தருவது: நம்மவர்களில் பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தையை. பேசத் தெரிந்த, ஞாபகம் உள்ள குழந்தையைக் கண்டு தயங்குகிறார்கள். ஞாபகம் இருந்தால் ஒட்டாது என்பது அவர்கள் கணக்கு.

அம்மாவும் முதலில் அப்படித்தான் தயங்கினாள். அவள் அறிந்த சுவீகாரம் வேறு. அவளுடைய சித்தப்பா ஒருவர் குழந்தையில்லாத பெரியவர் வீட்டுக்குச் சுவீகாரம் போனவர். இரண்டு வீடும் ஒரே தெருவில் இருந்தன, பெற்றவளும் வளர்த்தவளும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். அந்த வழக்கம் கொள்ளி போடவும் சொத்தைக் காக்கவும் ஆண்பிள்ளைக்காக ஏற்பட்டது; பெண்குழந்தையைத் தத்தெடுக்க இந்துச் சட்டத்தில் இடம் கிடைத்ததே 1956-இல்தான். வெளிநாட்டவர்களுக்கு அந்தச் சட்டமும் பயன்படாததால், 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் பாதுகாவலராகப் பதிந்துகொண்டு, குழந்தையைக் கொண்டுபோய், தங்கள் நாட்டில் தத்தெடுத்து வந்தார்கள். இதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுத, அதையே மனுவாக ஏற்று, 1984-இல் நீதிபதி பி.என்.பகவதி விரிவான நெறிமுறைகளை வகுத்தார். 1990-இல் உருவான, காரா என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் வேர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நாடு கடந்த தத்தில் குழந்தைகளைக் காக்க ஏற்பட்ட 1993-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது. இதையெல்லாம் அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கியபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பொண்ணுக்கு அவங்க தெரு எங்கேன்னு யாரு காட்டுவா?” அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை அதைவிடச் சரியான கேள்வியை எந்த அதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை.

எங்கள் ஆயத்தம் 2016-இல் தொடங்கியது. வீட்டாய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் எங்கள் வருமானத்தையும் அறைகளையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்திருந்தோம். அவரோ மூன்று அமர்வுகளில் எங்கள் பிள்ளைப் பருவத்தைத் தோண்டினார். சிறுவயதில் உங்களை எப்படித் தண்டித்தார்கள், கோபம் வந்தால் உங்கள் வீட்டில் யார் பேச்சை நிறுத்துவார்கள், நீங்கள் இருவருமே இறந்துவிட்டால் குழந்தையை யார் வளர்ப்பார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார். பிரம்படியைச் சாதாரணமாகச் சொல்லிச் சிரித்த கணவர், அந்தக் குழந்தை ஏற்கெனவே அடி வாங்கியிருக்கலாம் என்று பணியாளர் மெல்லச் சொன்னதும் நீண்ட நேரம் பேசவில்லை. அதன் பிறகு கைரேகை, காவல்துறைச் சான்று, வரிக் கணக்கு, மருத்துவச் சான்று எனத் தாள்கள் சேர்ந்தன. கைரேகைக்கு 15 மாதம்தான் ஆயுள் என்பதால், காத்திருந்த காலத்தில் அதை மீண்டும் கொடுக்க வேண்டியிருந்தது.

ஹேக் ஒப்பந்தப்படி நடக்கும் தத்துக்கு, அமெரிக்காவில் பெற்றோர் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். பத்து மணி நேரத்தில் யாரும் அம்மாவாகிவிட முடியாது. ஆனால் அதில் கிடைத்த ஒரு சிறு குறிப்பு எங்கள் வழியையே மாற்றியது. குழந்தைக்கு முன்கூட்டியே அனுப்புவதற்காக நாங்கள் ஒரு புகைப்படப் புத்தகம் தயாரித்திருந்தோம். பள்ளியை விட்ட பின் தொடாத ஹிந்தி எழுத்தைத் தேடியெடுத்து, இது உன் அப்பா, இது உன் அறை, இது உன் பாட்டி என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே நானே எழுதினேன். பயிற்சியாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் உங்களைப் பற்றியே இருக்கிறதே, அவளுக்கு எங்கே பக்கம்?” என்றார். கடைசியில் நான்கு வெற்றுப் பக்கங்களைச் சேர்த்து, உனக்கு வேண்டியவர்களின் படங்களை இங்கே ஒட்டு என்று எழுதி அனுப்பினோம். அந்தப் புத்தகம் எங்களிடம் திரும்பி வந்தபோது அந்த நான்கு பக்கங்களும் நிறைந்திருந்தன. மற்றவை கசங்கக்கூட இல்லை.

மகளின் விவரங்கள் 2018 மார்ச்சில் வந்தன: ஒரு புகைப்படம், குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. அவளுக்காகக் குறிக்கப்பட்ட குடும்பம் என்று எங்களைப் பதிவு செய்ய 96 மணி நேரமும், அறிக்கைகளில் கையெழுத்திட்டு ஏற்க 30 நாட்களும் தரப்பட்டன. நான் முதல் நாளிலேயே கையெழுத்திடத் துடித்தேன். கணவர்தான் நிறுத்தினார். 2005-இல் சென்னையில் வெளிவந்த செய்தி அவர் மனதில் ஆறாமல் இருந்தது. தெருவோரக் குடும்பங்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், பொய்த் தாள்களுடன் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டிருந்தார்கள். அந்த வெளிநாட்டுப் பெற்றோரும் எங்களைப் போலவே எல்லாத் தாளும் சரியாக இருக்கிறது என்று நம்பியவர்கள்தாம். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு குடும்பமும் காப்பகத்தின் குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 5000 டாலர் செலுத்துகிறது என்பதையும் நாங்கள் மறைத்துப் பேசுவதற்கில்லை. பணம் நடமாடும் இடத்தில் கேள்வியும் நடமாட வேண்டும்.

ஆகவே, அவளைத் தத்துக்குத் தகுதியானவள் என்று அறிவித்த குழந்தை நலக் குழுவின் ஆணையை முழுதாகக் காட்டும்படி கேட்டோம். குடும்பத்தைத் தேடி நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட்டார்களா, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குச் சட்டம் வைத்திருக்கும் நான்கு மாத காலத்தில் யாராவது வந்தார்களா என்றும் கேட்டோம். இப்படிக் கேட்பது நன்றியின்மை போலத் தோன்றும், அதனால் காரியம் கெட்டுவிடும் என்று சில நண்பர்கள் எச்சரித்தார்கள். கெடவில்லை. இரண்டு வாரத்தில் எல்லாப் படிகளும் வந்தன. அவற்றுள் ஒரு நாளிதழ் நறுக்கும் இருந்தது. தபால்தலையைவிடச் சற்றே பெரிய கறுப்பு வெள்ளைப் படத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. இவளை அறிந்தவர்கள் தொடர்புகொள்ளவும் என்று கீழே இருந்தது. அந்த நறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை, பிள்ளை கிடைத்த மகிழ்ச்சியால் வந்ததல்ல. அந்த நாளிதழைப் பார்க்காத ஒருத்தி எங்கோ இருக்கிறாள் என்ற எண்ணம் அன்று வந்தது, இன்னும் போகவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஜார்க்கண்டுக்குப் போனோம். அவள் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்க்க வேண்டாமென்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தன்னை மூன்று ஆண்டுகள் வளர்த்த பணிப்பெண்ணின் சேலைக்குப் பின்னால் நின்றாள். குழந்தைகள் அனைவரும் அந்தப் பெண்ணை மௌசி என்றார்கள். நம் வழக்கில் சித்தி. நான் அந்த மௌசியின் பக்கத்தில் தரையில் அமர்ந்து, தலைக்கு என்ன எண்ணெய் வைப்பீர்கள், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் கடுகெண்ணெய்ப் புட்டி ஒன்றை என் கையில் வைத்து, இடிக்குப் பயப்படுவாள், யாரிடமும் சொல்ல மாட்டாள், நீங்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

தத்து வழக்குகள் மூடிய அறையில்தான் விசாரிக்கப்பட வேண்டும், குழந்தையின் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்றவாறு அதன் விருப்பத்தையும் கருத வேண்டும் என்பது சட்டம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். எங்கள் காலத்தில் நீதிபதி வழங்கினார். அவர் தம் அறையில் மகளை நாற்காலியில் அமரவைத்து, இவர்களுடன் போவாயா என்று ஹிந்தியில் கேட்டார். போவேன் என்று தலையசைத்துவிட்டு அவள் திருப்பிக் கேட்டாள்: “வாபஸ் கப் ஆனா ஹை?” திரும்பி எப்போது வர வேண்டும்? மொழி தெரியாத கணவரைத் தவிர அறையில் இருந்த அத்தனை பேரும் அமைதியானோம். விமானத்தைப் பற்றியும் புதுத் துணிகளைப் பற்றியும் எல்லோரும் அவளிடம் பேசியிருந்தோம். இது எப்போதைக்குமான பயணம் என்பதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு, அரைமணி நேரம் வெளியே போய் நீங்களே அவளிடம் பேசிவிட்டு வாருங்கள் என்றார். அவர் அன்று கையெழுத்திட்டிருந்தால் சட்டத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது. அந்த அரைமணி நேரத்துக்காக அவரை நான் கும்பிடுகிறேன்.

நீதிமன்றத் தாழ்வாரத்தின் பெஞ்சில், இனி நாங்கள்தான் உன் வீடு என்று சொன்னேன். மௌசி வருவாரா என்றாள். வரமாட்டார், ஆனால் நாம் போய்ப் பார்ப்போம் என்றேன். எப்போது என்றாள். பொய் சொல்லக் கூடாது என்று நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தியாவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் என்றேன். அதைக் காப்பாற்றி வருகிறோம். தொற்றுக் காலத்தில் மட்டும் முடியவில்லை.

அதன் பிறகு தத்து ஹேக் ஒப்பந்தப்படி நடந்தது என்று அதன் 23-ஆவது விதியின்கீழ் தரப்படும் சான்றுக்கும், பாஸ்போர்ட்டுக்கும், சாணக்யபுரியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் விசாவுக்குமாக ஏழு வாரம் அம்மாவின் வீட்டில் இருந்தோம். அந்த ஏழு வாரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

வந்த இரண்டாம் நாள் அவள் “மாட்” கேட்டாள். எனக்குத் தெரிந்த டெல்லி ஹிந்தியில் அப்படி ஒரு சொல் இல்லை. கணவர் அதை மாடு என்று எண்ணி, ஜன்னலுக்குத் தூக்கிப்போய்த் தெருவில் நின்ற பசுவைக் காட்டினார். அவள் தலையைத் தலையை ஆட்டி, அழுது, சாப்பிடாமலே தூங்கிப்போனாள். மறுநாள் காலையில் நான் மௌசியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது: சோறு வடித்த கஞ்சி. ஜார்க்கண்டில் அதில் கீரையைப் போட்டுக் காய்ச்சிச் சோற்றோடு உண்பார்கள். அம்மா இதைக் கேட்டதும், “இதுக்கா புள்ள பட்டினி கெடந்துது?” என்று சொல்லிக்கொண்டே, இருபது ஆண்டுகளாகப் பரண்மேல் கிடந்த வெண்கலப் பானையை இறக்கச் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் குக்கரில் சாதம் வைக்கவில்லை. மகள் கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் நிற்பாள். அம்மா உப்புப் போட்டுக் கஞ்சி வார்ப்பாள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத வீட்டில் முதலில் பொதுவாகிய சொற்கள் “மாட்”, கஞ்சி ஆகிய இரண்டும்தான்.

தலையணைக்கு அடியில் சப்பாத்தியும் பிஸ்கட்டும் சேர்ந்தன. இதைப் பயிற்சியில் சொல்லியிருந்ததால் கண்டிக்காமல் இருந்தோம். அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவில் பொரியும் வெல்லமும் நிரப்பி, இது உன்னுடையது, குறையக் குறைய நிரப்புவேன் என்று சைகையால் சொன்னாள். மகள் நாளுக்கு நான்கு முறை அதைத் திறந்து பார்த்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு, நியூ ஜெர்சியில், திறப்பதை மறந்துவிட்டாள். தனியறை விஷயத்தில் நாங்கள் படித்த நூல்கள் உதவவில்லை. எட்டுக் குழந்தைகளோடு படுத்துப் பழகியவளுக்கு அறை கொடுப்பது தண்டனை போலாகும். கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் வரிசையாகப் படுக்கும் நம் பழைய வழக்கம் அவளைத் தூங்கவைத்தது.

என்னை மட்டும் அவள் ஏற்கவில்லை. ஒரு சொல்லும் புரியாத அப்பாவின் தோளில் தொங்கினாள். அவள் மொழி பேசும் என்னை, அறைக்குள் நுழைந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தலை வாரினால் அவிழ்த்துவிடுவாள். மௌசியின் இடத்தில் வந்து நிற்பவள் நான்தான், ஆகவே அவளுடைய துக்கம் முழுவதும் என்மேல்தான் விழும் என்பது அறிவுக்குப் புரிந்தது. புரிந்தும் பல இரவுகள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒருநாள் பெரும் இடி இடித்தது. அவள் அசையாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மௌசி சொன்னது நினைவுக்கு வந்து, நான் ஒன்றும் பேசாமல் அவள் முதுகுப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் திரும்பவில்லை, விலகவும் இல்லை. அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்த உறவினர்களும் பழைய குடியிருப்புக்காரர்களும் நல்லவர்கள். எல்லோரும் பழமும் துணியும் கொண்டுவந்தார்கள். ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் அவள் எதிரிலேயே, பெரிய புண்ணியம் பண்ணியிருக்கிறாய் என்றார்கள். இந்தச் சொல்லை நான் அன்றும் இன்றும் ஏற்பதில்லை. புண்ணியம் என்றால் கொடுத்தவர் ஒருவரும் வாங்கியவர் ஒருவரும் இருக்க வேண்டும். வாங்கியவர் வாழ்நாளெல்லாம் நன்றியோடு இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் தன்னை வளர்த்ததற்காகக் கடன்பட்டவளாக வளரக் கூடாது. பிள்ளை வேண்டுமென்று போனவர்கள் நாங்கள். அவள் எங்களைக் கேட்கவில்லை. ஒரு முறை அம்மாவே வந்தவர்களிடம், “எங்க பேத்தி வந்திருக்கா, அவ்வளவுதான் சேதி” என்று சொல்லிப் பேச்சை முடித்தாள்.

அமெரிக்க மண்ணில் காலடி வைத்த அன்றே, 2000-ஆம் ஆண்டுக் குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, அவள் அந்நாட்டுக் குடிமகள் ஆனாள். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றும் அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்றுமாக ஆறு அறிக்கைகள் காராவுக்குப் போயின. அவற்றில் எடை, உயரம், பள்ளி எல்லாம் இருந்தன. அவள் ஹிந்தி தேய்ந்துகொண்டிருந்ததைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. மொழி மாறிப்போகும் குழந்தையின் முதல் மொழி, பேச ஆளில்லாவிட்டால், மாதக் கணக்கில் கரைந்துவிடும். தமிழை அவசரப்பட்டுப் புகுத்த வேண்டாமென்று முடிவு செய்து, முதல் ஆண்டு வீட்டில் ஹிந்தியே பேசினோம். கணவர் நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தார். தமிழ் பிறகு தானாக வந்தது, திருநெல்வேலி வாடையோடு வந்தது. அவளுடைய பெயரை மாற்றவில்லை. ஆறு ஆண்டுகள் அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவளிடமிருந்து அதையும் வாங்கிக்கொள்ள எங்களுக்கு மனமில்லை.

தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் தம் வேரைத் தேடி விண்ணப்பிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது: 18 வயதானால் தாங்களே, அதற்கு முன் பெற்றோருடன் சேர்ந்து. தேடித் தருவார்களா, தேடினால் கிடைக்குமா என்பது வேறு. ஆனால் அவளைப் பற்றிய தாள்கள் அனைத்தையும், அந்த நாளிதழ் நறுக்கு உட்பட, ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம் என்பது எட்டு வயதிலிருந்து அவளுக்குத் தெரியும். எப்போது கேட்டாலும் தருவோம் என்று சொல்லியிருந்தோம். நான்கு ஆண்டுகள் கேட்கவில்லை. இந்த முறை டெல்லிக்குக் கிளம்பும்போது, அதைப் பெட்டியில் வையுங்கள் என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்குப் போய்விட்டு வரும் வழியில் வெஸ்ட் பிளாக்கைக் காட்டினேன். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்காமல், சிறிது நேரம் பார்த்தாள். அன்று மாலை அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கூப்பிட்டால் போகலாம் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. இரண்டு தாள்களை நிறுத்தி நிறுத்திப் படித்தாள், ஹிந்தியில் ஓர் இடத்தில் மட்டும் அப்பாவிடம் அர்த்தம் கேட்டாள், பிறகு மூடிவிட்டாள். மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நிறுத்திய இடத்தில் அடையாளத்துக்கு மெட்ரோ அட்டையைச் சொருகி வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை ராஞ்சிக்கு ரயில்.